புள்ளியும் மேற்கோட்குறியும்: தமிழ் அச்சிற் சுருக்கப்பெயர்களும் பிறமொழிச் சொற்களும்

பிறமொழிச் சொல்லை எவ்வாறு அச்சிடுவது என்னும் வினா தமிழ் அச்சுக்கலையோடு உடன்பிறந்தது. 1554 ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரிலே தமிழ் முதன்முதலாக அச்சேறியபோது அது உரோம எழுத்துகளிலேயே அச்சேறிற்று. 1578 இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அமைந்தது. ஆயின் அதுவும் போர்த்துக்கேய மொழியிலிருந்து பெயர்க்கப்பட்ட சமயச் சிறுநூலே. அன்று எழுந்த வினா இன்றும் தீர்ந்தபாடில்லை. இன்று தமிழில் அச்சாகும் எப்பக்கத்தைப் புரட்டினும் இருவகைச் சொற்கள் அச்சுக்கோப்பாளரைத் தடுத்து நிறுத்துகின்றன. ஒன்று, ஐ.நா., இ.தொ.கா., ஜே.வி.பி. போன்ற முதலெழுத்துச் சுருக்கங்கள். மற்றையது, பிறமொழியிலிருந்து வந்து தமிழிற் பாதி குடியேறிய சொற்கள். இவற்றிற்குப் புள்ளி இடுவதா, மேற்கோட்குறி இடுவதா, தடித்த எழுத்தில் இடுவதா, ஒன்றும் இடாது விடுவதா என்பதைப் பெரும்பாலும் அச்சகமே தீர்மானிக்கின்றது. எழுத்தாளரும் திறனாய்வாளரும் இதனைச் சில்லறை விடயமென ஒதுக்கிவிடுகின்றனர்.

இது சில்லறை விடயம் அன்று. ஒரு பக்கத்திலே எச்சொல் 'நம்முடையது', எச்சொல் 'பிறருடையது' என்று கோடு கிழிப்பது இக்குறிகளே. எனவே அப்பக்கம் யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் இவை காட்டிக்கொடுத்துவிடும். இவ்வுண்மையை நன்கு விளக்கக்கூடிய களம் மலையகத் தமிழ் எழுத்தாகும். அதிலும் நுவரெலியா, பதுளை மாவட்டங்களைப் போலத் தமிழர் செறிந்து வாழாத சபரகமுவ மாகாணத்துத் தோட்டங்கள் சிறப்பாக நோக்கற்பாலன. இரத்தினபுரி மாவட்டத்திலே பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் அமைந்துள்ளது கொடகவெல. சூழவுள்ள தோட்டங்களில் தேயிலையும் உண்டு, இறப்பரும் உண்டு. லயத்திலே தமிழ், கடைத்தெருவிலே சிங்களம், தோட்டக் கந்தோரிலே ஆங்கிலம் என மும்மொழியும் ஒரே நாளில் ஒருவரின் செவியில் விழும் இடம் அது. அத்தகைய இடத்து வாசகரை அளவுகோலாகக் கொண்டு தமிழ் அச்சின் வழக்கங்களை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேறுபடுத்தும் மரபும் உள்வாங்கும் மரபும்

உரோம எழுத்தைக் கையாளும் மொழிகள் இவ்வினாவிற்கு ஓரளவு உறுதியான விடையைக் கண்டுள்ளன. 1501 இல் வெனிஸ் நகரத்துப் பதிப்பாளர் அல்டுஸ் மனூட்டியுஸ் சாய்வெழுத்தை நூலச்சிற் புகுத்தினார். தொடக்கத்தில் முழு நூலுக்கும் பயன்பட்ட அவ்வெழுத்து, காலப்போக்கில் நூற்பெயரையும் பிறமொழிச் சொல்லையும் சுட்டும் துணையெழுத்தாயிற்று. சுருக்கப்பெயர்களுக்கு வேறொரு வழி கண்டனர். பெரிய எழுத்துகள் தொடர்ந்து வந்தால் வரியினின்றும் துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே வடிவிற் பெரியதாயும் உயரத்திற் சிறியதாயும் அமைந்த தனி எழுத்துகளை அவற்றிற்குப் பயன்படுத்தினர். ரொபர்ட் பிரிங்ஹர்ஸ்ட் 1992 இல் வெளியிட்ட அச்செழுத்துக் கலை பற்றிய நூலும் இவ்வழக்கத்தையே பரிந்துரைக்கின்றது. யப்பானியர் இன்னும் ஒருபடி மேற்சென்று, மேலைமொழிச் சொற்களை எழுதுவதற்குக் கட்டகானா என்னும் எழுத்துவரிசையையே ஒதுக்கியுள்ளனர்.

இவற்றுட் பெரும்பாலானவை தமிழுக்கு உதவா. தமிழிற் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு இல்லை. ஈய எழுத்துகளைக் கையாற் கோத்த காலத்துத் தமிழ் அச்சகங்களிலே சாய்வெழுத்து வழக்கில் இருந்ததில்லை. இன்று கணினி தரும் சாய்வெழுத்து தனியே வரையப்பட்ட எழுத்தன்று. நேரெழுத்தை இயந்திரம் ஒரு பக்கமாகத் தள்ளியதன் விளைவே. ண, ன, ஐ முதலிய சுழியெழுத்துகள் அவ்வாறு தள்ளப்படும்போது வட்டம் நீள்வட்டமாகிக் கண்ணை உறுத்துகின்றது.

கருவி இல்லாமை ஒருபுறமிருக்க, தமிழ் மரபின் நோக்கே வேறு என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தொல்காப்பியர் எச்சவியலிலே, வடசொல் தமிழில் வழங்குமிடத்து வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வரவேண்டுமென விதித்தார். சிதைந்து வருவனவும் இயையுமாயின் விலக்கத்தக்கனவல்ல என்று அடுத்துக் கூறினார். நன்னூலாரும் பதவியலின் இறுதியில் வடமொழியாக்க விதிகளை விரித்துரைத்தார். இவ்விலக்கணிகள் பிறமொழிச் சொல்லின் ஒலியை மாற்றுக என்றனரேயன்றி, அதற்கு அடையாளம் இட்டுத் தனியே நிறுத்துக என்றாரில்லை. மேலை அச்சுமரபு விருந்தினரை வேறு ஆடையில் நிறுத்துகின்றது; தமிழிலக்கண மரபோ ஆடையை மாற்றி வீட்டுக்குள் அழைக்கின்றது.

இம்மரபு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. ஈழத்திலே பாண், மேசை, அலுமாரி, சப்பாத்து என்பன போர்த்துக்கேய மொழியிலிருந்தும், கந்தோர் என்பது ஒல்லாந்த மொழியிலிருந்தும் வந்தன. இவற்றிற்கு மேற்கோட்குறியிட எவரும் எண்ணுவதில்லை. சுதந்திரத்திற்குப் பின் அரச கரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் வழியே பரவிய ஐதரசன், ஒட்சிசன் முதலியனவும் கிரந்த எழுத்தைத் தவிர்த்து ஆக்கப்பட்டவையே. சொல்லின் முதலில் ரகரமும் லகரமும் வாராவென்னும் விதிக்கிணங்க ரத்தினபுரி இரத்தினபுரியாயிற்று, ரப்பர் இறப்பராயிற்று. தோட்டத்திலே பால் வெட்டும் தொழிலாளியின் நாவும் இலக்கண நூலும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன.

ஆயின் மரபு ஒரு விதிவிலக்கையும் உருவாக்கிக்கொண்டது. ஜ, ஷ, ஸ, ஹ என்னும் கிரந்த எழுத்துகள் தமிழ்ப் பக்கத்திற் கலந்து வரும்போது, அவையே பிறமொழிச் சொல்லுக்கு அடையாளமாகிவிடுகின்றன. 'ஹட்டன்' எனக் கண்டவுடன் சொல்லின் அயன்மை விளங்கும். 'அட்டன்' என எழுதினால் அது மறையும். தனியாகச் சாய்வெழுத்தோ மேற்கோட்குறியோ வேண்டுவதில்லை. கிரந்த எழுத்துகளைத் தமிழின் சாய்வெழுத்து எனக் கொள்ளினும் பிழையாகாது. ஓர் எழுத்து எத்துணைச் சுமையைத் தாங்கவல்லது என்பதை இலங்கையர் அறிவர். 1957 இல் மோட்டார் வாகன இலக்கத் தகடுகளிற் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து விதிக்கப்பட்டமையும், அதனையொட்டி 1958 இல் எழுந்த போராட்டமும் ஒரே ஓர் எழுத்தைப் பற்றியவை.

சுருக்கப்பெயரின் மூவகை

சுருக்கி எழுதுதல் தமிழருக்குப் புதியதன்று. பழைய கணக்கேடுகளிலும் சாசனங்களிலும் மாதத்திற்கு ௴, வருடத்திற்கு ௵, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாவுக்கு ௹ எனக் கூட்டெழுத்துகள் வழங்கின. இவற்றிற்குப் புள்ளி இல்லை. எழுத்தே பின்னிப் புதுவடிவு கொண்டது. முதலெழுத்துகளைப் புள்ளியிட்டு நிறுத்தும் இன்றைய முறையோ ஆங்கில அச்சின் வழிவந்தது. கருவி இரவல் என்றாலும் அதனைத் தமிழ் தன் இயல்புக்கேற்ப வளைத்துக்கொண்டது. இன்று வழங்கும் சுருக்கங்களை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தமிழ்த் தொடரின் முதலெழுத்துகளால் ஆவது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் இ.தொ.கா. ஆகின்றது, இலங்கைப் போக்குவரத்துச் சபை இ.போ.ச. ஆகின்றது, கல்விப் பொதுத் தராதரப் பத்திரம் க.பொ.த. ஆகின்றது. ஆங்கிலத்திற் பெரும்பாலும் மெய்யெழுத்துகள் தனித்து நிற்க, தமிழில் உயிர்மெய் தன் உயிரோடு நிற்பதால் இச்சுருக்கங்கள் இயல்பாகவே உச்சரிக்கத்தக்க சொற்களாகின்றன. 'இதொகா' மூன்று எழுத்து, மூன்று ஒலி. அதன் ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் 'சி.டபிள்யூ.சி.' என்றாகும், 'டபிள்யூ' என்னும் எழுத்தொன்றே ஒரு முழுச் சொல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சுருக்கம் சுருங்க வேண்டுமெனின் தமிழ் வழியே சிறந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. மலையகத்தில் இ.தொ.கா. என்பது விரிவை நினைவிற் கொள்ளாதோரும் வழங்கும் பெயராகிவிட்டமை இதனாலேயே எனலாம்.

இரண்டாவது, ஆங்கில எழுத்துகளின் பெயர்களைத் தமிழில் ஒலிபெயர்ப்பது: பி.பி.சி., ரி.வி., ஜே.வி.பி. போல்வன. இவற்றுட் குழப்பம் மிகுதி. தமிழகத்தார் 'டி.வி.' என எழுதுவதை ஈழத்தார் 'ரி.வி.' என எழுதுவர். ஜே.வி.பி. என்பதோ மும்மொழியின் சந்திப்பு. ஜனதா விமுக்தி பெரமுன என்னும் சிங்களப் பெயர் ஆங்கில எழுத்துகளாற் சுருக்கப்பட்டு, அவ்வெழுத்துகளின் பெயர் தமிழில் ஒலிபெயர்க்கப்பட்டது. மக்கள் விடுதலை முன்னணி என மொழிபெயர்த்து ம.வி.மு. எனச் சுருக்கும் வழக்கமும் உண்டு. ஒரே செய்தியில் மேலே ஒன்றும் கீழே மற்றொன்றுமாக வருமாயின், இரு கட்சிகள் பேசப்படுகின்றன எனப் புதிய வாசகர் மயங்குவதில் வியப்பில்லை.

மூன்றாவது, யுனெஸ்கோ போலச் சுருக்கமே சொல்லாகிவிடுவது. இதற்குப் புள்ளி வேண்டுவதில்லை; வேற்றுமையுருபு தடையின்றிச் சேரும்.

முதலிரு வகைகளில் வேற்றுமையுருபு சேருமிடத்தே தமிழ் அச்சின் தனித்த சிக்கல் தோன்றுகின்றது. ஆங்கிலத்திலே சுருக்கத்தின்பின் வேற்றுமையை உணர்த்தும் சொல் பெரும்பாலும் விலகி நிற்கும். தமிழில் உருபு ஒட்டியே வரும். ஒட்டும்போது உடம்படுமெய் தோன்றும். 'ஐ.நா.வில்' என்பதில் ஆகாரத்தின்பின் வகரமும், 'பி.பி.சி.யில்' என்பதில் இகரத்தின்பின் யகரமும் தோன்றுகின்றன. அதாவது ஒலி இணைகின்றது. இடையிலுள்ள புள்ளியோ பிரிக்கின்றது. இலக்கணமும் அச்சும் ஒன்றோடொன்று முரணும் இடம் இது. வல்லெழுத்து மிகுமிடத்தும் இதே இடர். 'இலங்கைத் தொழிலாளர்' என விரித்தெழுதும்போது தோன்றும் தகரமெய் சுருக்கத்தில் மறைகின்றது. சுருக்கத்தின்பின் வல்லெழுத்து வந்தால் மிகுப்பதா விடுவதா என்பதில் ஒருமைப்பாடு இல்லை. பத்திரிகையின் குறுகிய பத்தியிலே 'இ.தொ.' வரியின் இறுதியிலும் 'கா.' அடுத்த வரியின் தொடக்கத்திலுமாக முறிவது இதனினும் பெருங்குறை. முறிந்த சுருக்கத்தைக் கண் கூட்டிப் படிப்பதில்லை.

எழுத்தாளர் பெயர்களிலும் இவ்விருமை தொடர்கின்றது. 'தேசபக்தன்' நடத்திய கோ. நடேசய்யர் தமிழ் முதலெழுத்தையே கொண்டார். மலையக இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான சி.வி. வேலுப்பிள்ளைக்கோ இரு ஆங்கில எழுத்தொலிகளே பெயராகிவிட்டன, 'சி.வி.' என்றாலே மலையகம் அவரை அறியும். என்.எஸ்.எம். இராமையா அவ்வழியினர், தி. ஞானசேகரன் நடேசய்யர் வழியினர். தந்தை செல்வா எஸ்.ஜே.வி. என்றும் சா.ஜே.வே. என்றும் இருவகையாக அச்சிடப்பட்டார். ஒருவர் தாமே வழங்கிய வடிவைப் பிறர் திருத்துவது முறையாகாது. பெயர் அவருடைய உடைமை.

குறி யாருக்காக?

சுருக்கப்பெயரையும் பிறமொழிச் சொல்லையும் சேர்த்து நோக்கும்போதுதான் நமது அச்சின் உண்மையான குறை வெளிப்படும். எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியத்தை அமைத்துப் பார்க்கலாம்:

காலையில் 'பிரட்டு'க்குச் சென்ற தொழிலாளி, தமது ஈ.பி.எஃப். பணம் பற்றிக் 'கணக்கப்பிள்ளை'யிடம் வினவினார்.

மலையகம் பற்றிய செய்தியிலும் கட்டுரையிலும் கதையிலும் இவ்வகை வாக்கியம் நமக்குப் பழக்கமானதே. இதிலே குறி எங்கே விழுந்துள்ளது என்பதை நோக்குக. பிரட்டு என்பது காலையில் வேலைக்காட்களைக் கூட்டிப் பெயர் பதியும் நிகழ்ச்சி. ஆங்கில மூலத்தினின்று தோன்றிய சொல்லாயினும் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத் தமிழாகிவிட்டது. கணக்கப்பிள்ளை என்பது முழுமையான தமிழ்ச்சொல். இவ்விரண்டிற்கும் மேற்கோட்குறி இடப்பட்டது. ஈ.பி.எஃப். என்பதோ ஆங்கில எழுத்துகளின் ஒலி, விரிவு தரப்படவில்லை, குறியும் இல்லை. அந்நியமான சொல் வீட்டுக்காரர்போல் நிமிர்ந்து நிற்க, வீட்டுச்சொல் அந்நியர்போற் குறிக்குள் அடைபட்டுக் கிடக்கின்றது.

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ உள்ள ஒரு வாசகருக்கு இவ்வாக்கியம் பொருத்தமாகத் தோன்றலாம். அவருக்கு ஈ.பி.எஃப். பழக்கம், பிரட்டு புதிது. கொடகவெலத் தோட்டத்து வாசகருக்கோ நிலைமை மறுதலை. பிரட்டு, லயம், செக்ரோல், கவ்வாத்து, ஒட்டுப்பால் ஆகியவற்றிற்கு அவர் விளக்கம் வேண்டார். சம்பளச் சீட்டில் மாதந்தோறும் காணும் சுருக்கத்தின் விரிவே அவருக்கு வேண்டும். ஊழியர் சேமலாப நிதி 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்டது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதமும் தொழில்தருநரிடமிருந்து குறைந்தது 12 வீதமும் அதிற் சேரவேண்டும். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் நம்பிக்கை நிதியத்திற்குத் தொழில்தருநர் மேலும் 3 வீதம் செலுத்தவேண்டும். 'சேமலாபம்' என்று ஒருமுறை விரித்தெழுதினால் சேமிப்பு என்னும் பொருள் தெரியும். 'நிதி' என்றால் பணம் என்பது விளங்கும். ஈ.பி.எஃப்., ஈ.ரி.எஃப். என்னும் ஒலிகளுள் எது சம்பளத்தினின்று கழிவது, எது கழியாதது என்பதை எவ்வெழுத்தும் உணர்த்தாது. வாழ்நாள் உழைப்பின் சேமிப்பைப் பற்றிய சொல்லை விளக்காது விட்டு, நாளாந்தம் வழங்கும் சொல்லுக்குக் குறியிடும் அச்சு, தோட்டத்தைப் பற்றிப் பேசுகின்றதேயன்றித் தோட்டத்தோடு பேசவில்லை.

ஒற்றை எழுத்தின் பொருள் தெரியாமை எத்துணைப் பாரதூரமானது என்பதற்குத் தேசிய அடையாள அட்டையும் சான்று. 2016 இல் 12 இலக்கமுறை வரும்வரை அட்டை இலக்கத்தின் ஈற்றில் வி அல்லது எக்ஸ் என்னும் ஆங்கில எழுத்து பொறிக்கப்பட்டது. பொதுவாக முன்னையது வாக்குரிமை உடையவரையும் பின்னையது அஃதில்லாதவரையும் குறித்தன. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட ஒரு சமூகத்திற்கு இவ்விரு எழுத்துகளிடையே இருந்த தூரம் சொற்பமன்று. ஆயினும் அவ்வெழுத்தின் பொருள் அட்டையில் எழுதப்படவில்லை.

மேற்கோட்குறி எவ்வாறு இவ்விடத்தில் வந்து சேர்ந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஈழத்திலே மரபு பற்றிய விவாதம் எழுந்தபோது, மக்களின் பேச்சுமொழியைக் கதைகளிற் கையாண்டோர் மீது இழிசனர் வழக்கைப் புகுத்துகின்றனர் என்னும் குற்றச்சாட்டு வீசப்பட்டது. முற்போக்கு எழுத்தாளர் அதனை எதிர்த்து நின்று வென்றனர். பேச்சுவழக்கு இலக்கியத்தில் இடம்பிடித்தது. ஆயின் அச்சுக்கோப்பிலே அவ்வெற்றி முழுமை பெறவில்லை. சொல் உள்ளே வந்தது. 'இது எனது நடையன்று' எனக் கைகழுவும் மேற்கோட்குறியும் கூடவே வந்தது. அக்குறி வாசகர் இடறி விழாதிருக்க இட்ட விளக்கன்று. எழுதுபவரின் கூச்சத்தை மறைக்க இட்ட திரை.

இதற்கு எதிர்ச்சான்றும் மலையகத்திலேயே உண்டு. என்.எஸ்.எம். இராமையா தமது சிறுகதைத் தொகுதிக்கு 'ஒரு கூடைக் கொழுந்து' எனப் பெயரிட்டார். கொழுந்து இன்னதென அப்பெயர் விளக்கவில்லை. அறியாத வாசகர் கதைக்குள் வந்து அறிந்துகொள்ளட்டும் என்னும் துணிவு அதில் உண்டு. அத்துணிவே ஒரு வட்டாரத்து எழுத்தை எல்லார்க்கும் உரிய இலக்கியமாக்குகின்றது. சொல்லின் பொருளை அதன் சூழலே உணர்த்துமாறு வாக்கியத்தை அமைக்கவல்ல எழுத்தாளருக்கு மேற்கோட்குறியும் வேண்டா, அடிக்குறிப்பும் வேண்டா.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். வட்டாரச் சொல்லுக்குக் குறியிடாவிடின் பிற்கால ஆய்வாளர் அதனை இனங்காண்பது அரிதாகாதா என வினவுவர். இம்மறுப்பில் ஓரளவு நியாயம் உண்டு. சி.வி. தொகுத்து 1983 இல் வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' போன்ற தொகுப்பிலும், சொல்லகராதியிலும், மொழியியல் ஆய்விலும் சொல் என்பது ஆய்வுப்பொருள். ஆங்கே அதனைக் குறியிட்டுக் காட்டுவது கடன். கதையிலும் செய்தியிலும் அறிவித்தலிலும் சொல் கருவியேயன்றி ஆய்வுப்பொருளன்று. இவ்வேறுபாட்டை மறந்ததாலேயே மலையகம் பற்றிய எழுத்துகள் பலவும் காட்சிச்சாலையின் சீட்டுகளைப்போல் ஆகிவிடுகின்றன.

ஓர் ஊர்ப்பெயரின் நான்கு வடிவம்

பிறமொழிச் சொற்களுள் ஊர்ப்பெயர் தனிவகை. அதனை மொழிபெயர்க்க இயலாது. குறிக்குள் அடைக்கவும் இயலாது. கொடகவெல என்னும் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். சிங்களத்தில் முதலெழுத்து ஒலிப்புடைய ககரம். தமிழெழுத்து அதனைக் காட்டாது. இடையிலுள்ள ககரமோ சிங்களத்தில் வல்லோசை உடையது. தமிழில் உயிர்களுக்கிடையே தனித்து நிற்கும் ககரம் மெலிந்தொலிக்குமாதலால், 'கொடகவெல' எனின் அவ்வோசை பிழைக்கும். 'கொடக்கவெல' என இரட்டித்தெழுதுவோர் செவிக்கு உண்மையாக நடக்கின்றனர். இரட்டிக்காதோர் சிங்கள எழுத்துக்கு உண்மையாக நடக்கின்றனர்.

ஈற்றிலும் இத்தகைய பிளவு உண்டு. முன்னோர் சிங்கள ஊர்ப்பெயர்களின் அகர ஈற்றை ஐகாரமாக்கித் தமிழாக்கினர்: பலாங்கொடை, றக்குவானை, கேகாலை. காவத்தை என்பதில் இடையிலிருந்த ஹகரமும் கரைந்துபோயிற்று. அண்மைக்கால வழக்கோ சிங்கள ஈற்றை அப்படியே விடுகின்றது: எம்பிலிப்பிட்டிய, கொடகவெல, கஹவத்த. முன்னையது ஊரைத் தமிழுக்குள் அழைத்த முறை. பின்னையது அரசின் பெயர்ப்பலகையை எழுத்துக்கெழுத்துப் பெயர்க்கும் முறை. 'கொடகவெலை' என எழுதுவோர் முன்னைய வழியைப் புதிய பெயருக்கும் நீட்டுகின்றனர். ஈறும் இரட்டிப்பும் சேர்ந்தால் ஓர் ஊருக்கு நான்கு வடிவம் கிடைக்கும். அகரவரிசைப் பட்டியலிலும் கணினித் தேடலிலும் அவை நான்கு ஊர்களாகும். நிலைபெற்ற பழைய வடிவைக் குலைக்காமையும், புதிய பெயருக்கு ஒரு வடிவைத் தேர்ந்து அதிலேயே நிற்றலும் இதற்குத் தக்க வழியாகும். இக்கட்டுரை ஊரில் வழங்கும் அச்சு வடிவைத் தேர்ந்து நிற்கின்றது.

கருவி மாறியும் மாறாத குறை

ஈய எழுத்து மறைந்து கணினி வந்தபின் இக்குறைகள் நீங்கியிருத்தல் வேண்டும். மாறாக, சிலகாலம் பெருகின. இலங்கையில் நெடுங்காலம் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் எழுத்துகளை அமைத்துக்கொண்டது. 'தமிழ்' எனத் தட்டெழுத ஜே, கே, பி, ஓ என்னும் விசைகளையும் அரைப்புள்ளி விசையையும் அழுத்தவேண்டும். ஆகவே இடையில் ஓர் ஆங்கிலச் சுருக்கம் வந்தால் எழுத்துருவை மாற்றித் திரும்பவேண்டும். மாற்ற மறந்தாலோ, பக்கம் முழுவதையும் பின்னர் ஒரே எழுத்துருவாக்கினாலோ, சுருக்கம் பொருளற்ற தமிழெழுத்துக் குவியலாகிவிடும். இவ்விடரைத் தவிர்க்கச் சுருக்கத்தைத் தமிழில் ஒலிபெயர்த்து, விரிவின்றி விட்டுவிடுவது தட்டெழுதுவோர்க்கு எளிதாயிற்று.

ஒருங்குகுறி பரவியபின் அத்தடை நீங்கிற்று. இரு எழுத்துகளும் ஒரே கோப்பில் இடரின்றி வாழ்கின்றன. எஞ்சியிருப்பது கருவிக் குறையன்று, முறைக்குறை. டொனால்ட் நூத் 1978 இல் வெளியிட்ட டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளும், அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் அமைத்த லேடெக்கும் இவ்விடயத்தில் ஒரு நல்ல வழியைக் காட்டின. சொல்லின் தோற்றத்தை இடந்தோறும் தீர்மானியாது, அது 'சுருக்கப்பெயர்', இது 'பிறமொழிச் சொல்' என வகையை மட்டும் எழுதுபவர் சுட்டலாம். அவ்வகைக்குரிய தோற்றம் நூலுக்கு ஒருமுறை வகுக்கப்படும். விதியை ஓரிடத்தில் மாற்றினால் நூல் முழுவதும் மாறும். இம்முறையின் பயன் அழகு மட்டுமன்று. எச்சொல்லைப் பிறமொழிச் சொல்லெனச் சுட்டுகின்றோம் என்று எழுதுபவர் ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்கவேண்டியவராகின்றார்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் தமிழ் அச்சுக்கு வேண்டிய சில நெறிகள் தெளிவாகின்றன. சுருக்கப்பெயரை முதன்முறை வழங்குமிடத்து விரித்தெழுதுதல் வேண்டும். தமிழ்ச் சுருக்கம் உள்ளவிடத்து அதனையே கொள்ளல் வேண்டும். ஒரு கட்டுரையில் ஒரு வடிவமே நிற்றல் வேண்டும். உருபு சேருமிடத்து ஈற்றுப் புள்ளியை நீக்கி 'இ.தொ.காவின்', 'ஐ.நாவில்' என எழுதின், ஒலியும் எழுத்தும் முரணா. சுருக்கம் வரியின் இறுதியில் முறியலாகாது. பிறமொழிச் சொல்லுக்குச் சாய்வெழுத்து வேண்டா. விளக்கம் தேவைப்படின் முதல் வரவில் ஒருமுறை குறியிட்டுப் பொருளுரைத்தபின், அச்சொல்லைச் சுதந்திரமாக நடக்கவிடல் வேண்டும். மறைமலையடிகள் வழிவந்த தனித்தமிழ் நோக்கினர் பிறமொழிச் சொல்லை நீக்கினாற் போதுமே என்பர். அந்நெறி கலைச்சொல்லாக்கத்திற்குப் பெரும்பயன் விளைத்தது உண்மையே. ஆயின் பிரட்டையும் லயத்தையும் நீக்கிவிட்டுத் தோட்டத்து வாழ்வை எழுத முற்படின், சொல்லோடு வாழ்வும் நீங்கிவிடும்.

இந்நெறிகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே. குறி வாசகர் இடறும் இடத்தில் விழவேண்டும். எழுதுபவர் கூசும் இடத்தில் அன்று. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு மலர்கள் இதனைச் செயலிற் காட்டத் தகுந்தவை. அவற்றிற்கு வணிக நெருக்கடி இல்லை. தோட்டத்திலிருந்து வந்த மாணவரும் நகரத்திலிருந்து வந்த மாணவரும் அவற்றின் பதிப்புக் குழுவிலே ஒருங்கிருக்கின்றனர். மெய்ப்புத் திருத்தும் மேசையில் 'பிரட்டு' என்னும் சொல்லுக்கருகே மேற்கோட்குறியைக் காணும்போது இது யாருக்கு வேண்டியது எனவும், விரிவின்றி நிற்கும் சுருக்கத்தைக் காணும்போது இதனை யார் அறியார் எனவும் அவர்கள் ஒருவரையொருவர் வினவுவார்களாயின், மலையகத்து வாசகருக்கும் தமிழ் அச்சுக்கும் உள்ள தொலைவு குறையத் தொடங்கும்.